ஒரு சாண் சுவர்

சுவரைச் சுரண்டும் சத்தம் பல்லைக் கூசவைக்கும். எத்தனை வருஷம் பழகினாலும் கூசும். பெயிண்டர் ரெண்டுகோட்டு, ஏணியின் மேல்படியில் நின்று பட்டித் தகட்டால் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இடுப்பு உயரத்துக்குக் கீழே இருப்பது அவர் மனைவியின் பங்கு. அவள் மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்தாள். மேலிருந்து உதிர்வதெல்லாம் அவள் தலையில்தான் விழுந்தது.

"கொஞ்சம் அந்தப் பக்கமாத் தள்ளிச் சுரண்டுங்க. தலையெல்லாம் நரைச்சுக் கிழவியாயிட்டேன்."

"இல்லாட்டி குமரியாக்கும்."

எந்தச் சுவரானாலும் இரண்டு கோட்டு அடிக்காமல் ஏணியை எடுக்க மாட்டார் என்று கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர்தான் ரெண்டுகோட்டு. கேலிக்கு வைத்தார்கள். அவர் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டார். வேலை கேட்டுப் போகிற இடத்தில் அந்தப் பெயரைத்தான் சொல்வார். மழை பிடித்ததிலிருந்து பெரிய வேலை எதுவும் கிடைக்கவில்லை. ஒரு கேட், இரண்டு ஜன்னல், ஒரு கடைப் பலகை என்று ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தையல் கம்பெனி வேலை வந்ததே மனைவியின் தங்கச்சியால்தான். அக்காவைப் பெரியவள் என்றும் தங்கச்சியைச் சின்னவள் என்றும்தான் வீட்டில் கூப்பிடுவது. சின்னவள் இவர்களோடுதான் இருக்கிறாள். இதே மாடியில் சட்டைக் காலர் தைக்கிறாள். "எங்க மாமா அடிச்சா சுவரு கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னதும் அவள்தான்.

மிஷின்களையெல்லாம் கூடத்தின் நடுவுக்கு இழுத்துப் பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தார்கள். யாரோ போர்த்திக்கொண்டு வரிசையாகக் குந்தியிருக்கிற மாதிரி இருந்தது. ஜன்னல்கள் கம்பி போட்டவை. முன்பக்கம் ஒரு படி, பின்பக்கம் ஒரு படி. காலையில் ஏணியைப் பின்படி வழியாகத்தான் ஏற்றப் பார்த்தார்கள். கீழே கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. துணி திருட்டுப் போகிறதாம். சாவி எங்கே என்று கேட்டதற்குக் காவல்காரன் உதட்டைப் பிதுக்கினான்.

மூன்று சுவர்கள் சொன்னபடி கேட்டன. நாலாவது சுவரில்தான் சிக்கல். சுவிட்ச் பெட்டியிலிருந்து கூரை வரைக்கும் ஒரு சாண் அகலத்துக்குப் பழுப்பாக ஒரு பட்டை ஓடியது. அடியில் கருத்த டீத் தண்ணீர் நிறம். மேலே போகப் போக வெளுத்திருந்தது. அந்த இடத்துப் பெயிண்ட் மட்டும் சுருண்டு, வாடின வெற்றிலை மாதிரி நின்றது. தகட்டை வைத்ததும் தானே கழன்று விழுந்தது.

"மொட்டை மாடியிலேர்ந்து தண்ணி இறங்கியிருக்கு" என்றார் ரெண்டுகோட்டு.

பெரியவள் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினாள். பொடியாகிவிட்டது. "தண்ணி இறங்கின சுவர்ல உப்பு பூத்து நிக்கும். கை வச்சா நமநமன்னு இருக்கும். இது ரஸ்க்கு மாதிரி உதிருது."

"எப்பவோ இறங்கினது. காஞ்சிருக்கும்."

"தண்ணி இறங்கினா கோணல்மாணலா இறங்குமே. இது நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு."

"நேரா இருந்தா உனக்கென்ன, கோணலா இருந்தா உனக்கென்ன? தேய்."

அவள் தேய்த்தாள்.

சூப்பர்வைசர் மேலே வந்தபோது மணி பத்துக்கு மேல் இருக்கும். சிரித்துக்கொண்டே வந்தார். அவர் சிரித்தால் ரெண்டுகோட்டு தன் பிரஷ்களெல்லாம் பையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

"என்ன பெயிண்டரே, பெயிண்ட் அடிக்கச் சொன்னா கட்டடத்தையே இடிக்கிறீங்க?"

"பழசு பொருக்குத் தட்டி நிக்குது சார். அதுமேல அடிச்சா நிக்காது."

"சுரண்டினது போதும். பிரைமரும் வேண்டாம். நேரா பெயிண்டை அடிங்க. நாளன்னைக்குக் காலையில நம்மகிட்ட சரக்கு வாங்கறவங்க பார்க்க வர்றாங்க. அவங்க கண்ணுக்கு வெள்ளையாத் தெரிஞ்சாப் போதும்."

ரெண்டுகோட்டு ஏணியை விட்டு இறங்கினார். இறங்கிவிட்டார் என்றால் சண்டைக்குத் தயார் என்று அர்த்தம். "பிரைமர் போடாம பெயிண்ட் அடிக்கிறது குளிக்காம பவுடர் பூசற மாதிரி சார். மத்த சுவரைக்கூட விடுங்க. இதைப் பாருங்க. முன்ன அடிச்சவன் நேராத்தான் அடிச்சிருக்கான். அவன் அடிச்ச பெயிண்டுக்கு மேலயே கறை ஏறி வந்து நிக்குது. நானும் அப்படியே அடிச்சா அவங்க வர்றதுக்கு முன்னாடி கறை வந்து நிக்கும்."

சூப்பர்வைசரின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பட்டையை மேலிருந்து கீழே பார்த்தார். கையை வைத்துப் பார்க்கவில்லை.

"பிரைமர் அடிச்சா வராதா?"

"ஆயில் பிரைமர் ஒரு கோட்டு குடுத்தா அமுக்கிடும். அப்புறம் சுவரு வாயைத் திறக்காது."

"ஸ்டோர்ல ஒரு டின் கிடக்கு. எடுத்துக்கங்க." போகத் திரும்பினவர் நின்றார். "இது நல்லா வந்தா கீழ் மாடிகளும் உங்களுக்குத்தான். பொண்ணுங்க தங்கற விடுதியும் உங்களுக்குத்தான். கறை திரும்ப வந்துச்சுன்னா ஏணியைத் தூக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். உங்களைக் கூட்டிட்டு வந்தது யாருன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு."

அவர் போன பிறகு ரெண்டுகோட்டு மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பிரைமர் கேட்டு வாங்கின சந்தோஷம் அவருக்கு. பல இடத்தில் கேட்டு அவமானப்பட்டுத்தான் பழக்கம்.

"பார்த்தியா? கேக்கற விதத்துல கேட்டா குடுப்பான்."

"அவ பேரை எதுக்கு இழுத்தான் அவன்?" என்றாள் பெரியவள்.

மத்தியானம் படியில் சத்தம் கேட்டது. இஸ்திரி போடுகிற பெண்களும் தையல்காரிகள் சிலரும் வந்தார்கள். கம்பெனி லீவு என்று சொல்லியிருந்தும் ஆளனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவசரச் சரக்கு. சின்னவளும் அதில் ஒருத்தி. வந்தவள் அக்காவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாருடி இந்த வெள்ளைப் பேய்?"

"உன் மாமன் பண்ணின அலங்காரம்."

"மாமா, எங்க அக்காவுக்கும் ரெண்டு கோட்டா?"

பெண்கள் சிரித்தார்கள். ரெண்டுகோட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் காது சிவந்தது. அவர்கள் நடுவில் கிடந்த மிஷின்களில் சிலதை மட்டும் இழுத்து, தாளை விலக்கி உட்கார்ந்தார்கள். ஜன்னல் ஓரம் இஸ்திரி மேஜைகள் வரிசையாக ஓட ஆரம்பித்தன. நீராவி எழும்பி, சுண்ணாம்புத் தூசியும் துணி வாடையும் கலந்து கூடம் மூச்சு முட்டியது.

டீ வந்தபோது சின்னவள் டம்ளரை எடுத்துக்கொண்டு நேராக அந்த நாலாவது சுவருக்குத்தான் போனாள். கூட இரண்டு பேர். சுரண்டின இடம் என்றும் பார்க்காமல், ரவிக்கையில் தூசி ஒட்டுமே என்றும் பார்க்காமல், பட்டையின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள்.

"ஏய், எழுந்திரு. முதுகெல்லாம் சுண்ணாம்பாகும்" என்றாள் பெரியவள்.

"ஆனா ஆகட்டும். இதுதான் அக்கா எங்க ஒத்தடம். நாள் பூரா குனிஞ்சு தைச்சா முதுகு விட்டுப் போகுது இல்ல? டீ குடிக்கிற நேரம் இதுல சாஞ்சா சொகமா இருக்கும். இடத்துக்கு சண்டையே நடக்கும். இன்னிக்கு ஆள் குறைவு, அதான் கால் நீட்டி உக்காந்திருக்கேன்."

பெரியவள் உப்புத்தாளைக் கீழே வைத்தாள். சுவருக்கு வந்து, தங்கச்சியின் தோளுக்கு மேலே உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"ஏங்க. இங்க வாங்க."

ரெண்டுகோட்டும் கையை வைத்தார். காலையில் அவர் தொட்டபோது சில்லென்று இருந்த சுவர். இப்போது, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது. கையைக் கீழே இறக்கி, சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"இது எப்பலேர்ந்து இப்படி?"

"இந்தப் புது இஸ்திரி மேஜையெல்லாம் வந்ததிலேர்ந்து" என்றாள் சின்னவள். "முன்னாடி இதை விட மோசம் மாமா. எல்லா மேஜையும் ஓட ஆரம்பிச்சா டப்புன்னு ஃபியூஸ் போயிடும். இருட்டுல உக்காந்திருப்போம். பீஸுக்குக் கூலி வாங்கறவளுக்கு இருட்டுல உக்காந்தா எவன் குடுப்பான்? எல்லாரும் போய்க் கத்தினோம். எலக்ட்ரீசியன் வந்து தடிசா ஒரு கம்பியை முறுக்கிப் போட்டாரு. அதுக்கப்புறம் ஒரு நாள்கூடப் போனதில்ல." டம்ளரை உயர்த்திக் காட்டினாள். "முன்னாடி நின்னு கத்தினது யாரு? நான்."

பக்கத்தில் இருந்தவள் அவள் முழங்கையை இடித்தாள். "இவ கத்தின கத்துல கம்பி தானே தடிச்சுப் போச்சு."

மறுபடி சிரிப்பு. அக்காவும் மாமாவும் சிரிக்கவில்லை என்பதை அவர்கள் பார்க்கவில்லை. மணி அடித்ததும் எழுந்து போனார்கள். மூன்று முதுகுகள் சாய்ந்த இடம் மட்டும் சுவரில் தூசி துடைத்த மாதிரி தெரிந்தது.

ரெண்டுகோட்டு கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு சூப்பர்வைசரின் அறைக்குப் போனார். அது கூடத்தின் மூலையிலேயே கண்ணாடி போட்ட அறை. கதவு திறந்துதான் இருந்தது.

"சார், அந்தச் சுவரு சுடுது."

"வெயில் படும்."

"அந்தப் பக்கம் மாடிப்படி சார். வெயிலே வராது. உள்ள ஒயர் சூடாகுது. ஃபியூஸ்ல தடிச்ச கம்பி போட்டிருக்காங்களாம்."

சூப்பர்வைசர் பேனாவை மூடினார். சிரிக்கவில்லை. சிரிக்காதபோது வேறு ஆள் மாதிரி இருந்தார். "நீங்க பெயிண்டரா, எலக்ட்ரீசியனா?"

"பெயிண்டர்தான் சார். கை சுட்டுது, சொன்னேன்."

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? நானும் மேல சொல்லிட்டேன். சுவரை உடைச்சு ஒயர் மாத்தணும்னா எல்லாத்தையும் நிறுத்தணும். நிறுத்தினா இவங்க எல்லாரும் வீட்டுக்குப் போகணும். சரக்கு போகலைன்னா திரும்பக் கூப்பிடுவாங்களான்னு எனக்கே தெரியாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்." அவர் எழுந்து வாசலுக்கு வந்து குரலை உயர்த்தினார். "பெயிண்டர் சுவரு சுடுதுங்கறாரு. வேலையை நிறுத்தணுமாம். யாரு யாரு வீட்டுக்குப் போறீங்க? கையைத் தூக்குங்க."

மிஷின்கள் நின்றன. இஸ்திரிப் பெட்டிகள் மட்டும் உஸ் என்றன. யாரும் தலையைத் தூக்கவில்லை. கையையும் தூக்கவில்லை. சின்னவள் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் இரண்டு தரம் தப்பியது.

"மாமா," என்றாள், நிமிராமலே, "ஏணியில ஏறுங்க."

ஒரு மிஷின் ஓட ஆரம்பித்தது. அடுத்தது ஓடியது. பிறகு எல்லாம் ஓடின.

பின்படியின் வளைவில் உட்கார்ந்துதான் புருஷனும் பெண்சாதியும் பேசினார்கள். கீழே பூட்டின கதவின் இடுக்கில் மட்டும் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. ரெண்டுகோட்டு ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த ஆயில் பிரைமர் டின்னை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். அடியில் தயிர்க் கட்டி மாதிரி தங்கியிருந்தது கரைந்து மேலே வந்தது. தின்னர் வாடை கண்ணைக் கரித்தது.

"அதை அந்தப் பட்டையில அடிக்காதீங்க" என்றாள் பெரியவள்.

"பின்ன?"

"நேரா பெயிண்டை அடிங்க."

"கறை வரும்."

"வரட்டும்."

கலக்குவது நின்றது. "பைத்தியமா உனக்கு? காலையில அவன்கிட்ட மல்லுக்கட்டி வாங்கியிருக்கேன்."

"இதை அடிச்சா அந்தக் கறை இனிமே வருமா?"

"வராது. அதுக்குத்தானே அடிக்கிறது?"

"உள்ள சூடு நிக்குமா?"

அவர் மறுபடி கலக்க ஆரம்பித்தார்.

"உள்ள எரிஞ்சுக்கிட்டே இருக்கும், வெளிய வெள்ளையா இருக்கும். அவ அதுல முதுகைச் சாய்ப்பா" என்றாள். "எனக்கு அம்மா விட்டுட்டுப் போனது அவ ஒருத்தியைத்தான். கறை தெரிஞ்சா, வர்றவங்க என்ன இதுன்னு கேப்பாங்க இல்ல? பெரிய எடத்து ஆளுங்க. நாம கேட்டா கையைத் தூக்கச் சொல்வான். அவங்க கேட்டா?"

"கேப்பாங்கன்னு உனக்கு யாரு சொன்னது? எவன் கேட்டிருக்கான் இத்தனை நாளு?" டின்னின் விளிம்பில் குச்சியைத் தட்டினார். "கறை வந்தா முதல்ல கேக்கப் போறது என்னைத்தான். வேலை தெரியாதவன்னு சொல்லுவான். கீழ் மாடி போச்சு. விடுதி போச்சு. உன் தங்கச்சியை என்ன பண்ணுவானோ தெரியாது."

"வேலை போனா வேற வேலை தேடலாம்."

"எங்க தேடற? மழையில தேடினியே, கிடைச்சுதா?"

மேலே மிஷின்களின் அதிர்வு படிக்கட்டிலும் தெரிந்தது. டின்னுக்குள் பிரைமரின் மேற்பரப்பு சின்னச் சின்னதாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"நாற்பது வருஷமா," என்றார் ரெண்டுகோட்டு, "நான் விட்ட சுவர்ல கறை வந்ததில்ல."

"தெரியும்."

"எவனும் சொன்னதில்ல."

"தெரியுங்க."

அவர் டின்னைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். மேலே போய் மூன்று சுவர்களுக்கும் அந்தப் பிரைமரை அடித்தார். நாலாவது சுவரிலும் அடித்தார். பட்டைக்கு இந்தப் பக்கம் வந்து நிறுத்தினார். அந்தப் பக்கம் போய் மறுபடி ஆரம்பித்தார். டின் காலியானதும் சூப்பர்வைசர் கண்ணில் படும்படி வாசலில் கவிழ்த்து வைத்தார். இரவு காய விட்டு, மறுநாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வெள்ளை அடித்தார். பட்டைக்கு மட்டும் கை தயங்கியது. ரோலரை ஒரு தரம் உயர்த்தி இறக்கினார். மறுபடி நனைத்தார்.

அன்றைக்கும் இஸ்திரி மேஜைகள் ஓடின. பட்டையின் மேல் அடித்த பெயிண்ட் மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் காய்ந்தது. ரோலரை எடுத்ததும் காய்ந்தது. இரண்டாவது கோட்டும் முடித்து, சாயங்காலம் பார்த்தபோது நாலு சுவரும் ஒரே வெள்ளை. சூப்பர்வைசர் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்து, "பேருக்கு ஏத்த வேலை" என்றார். சிரித்தார். ரெண்டுகோட்டு பிரஷ்களைப் பார்த்துக்கொண்டார்.

காலையில் ஏணியை எடுக்க வந்தபோது கறை வந்திருந்தது.

முழுதாக வரவில்லை. சுவிட்ச் பெட்டிக்கு மேலே ஆள் உயரத்துக்கு, பாலில் டீ விழுந்த நிறத்தில், ஒரு சாண் அகலம். பெரியவள் அதைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் ஏணியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

சூப்பர்வைசர் சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து, "என்னய்யா இது?" என்று கேட்டார். அதுவரை அவர் பெயிண்டரை அய்யா போட்டுப் பேசினதில்லை. அந்த அய்யாவில் மரியாதை இல்லை.

"சூடு சார். சூடு உள்ள இருந்து தள்ளுது. சூட்டை நிறுத்தாம எதை அடிச்சாலும் நிக்காது."

"பிரைமர் அடிச்சியா?"

"டின் காலி சார். பாருங்க."

"அடிச்சியா?"

ரெண்டுகோட்டு வாயைத் திறந்தார். கீழே கார் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் ஜன்னலுக்கு ஓடினார், அங்கிருந்தே கையைத் தட்டினார். "வெட்டின பண்டலெல்லாம் இங்க கொண்டாங்க. இந்தச் சுவரோட அடுக்குங்க. சீக்கிரம். சீக்கிரம்."

பெண்கள் மிஷினை விட்டு எழுந்தார்கள். வெள்ளைச் சட்டைத் துணி, வெட்டிக் கட்டின மூட்டைகள். ஒருத்தி தூக்க, ஒருத்தி வாங்க, கைமாற்றிக் கைமாற்றி அடுக்கினார்கள். சுவரோரம் நின்று வாங்கி வைத்தவள் சின்னவள். குதிகாலைத் தூக்கி, தலைக்கு மேலே கடைசி மூட்டையைத் தள்ளினாள். கறை மறைந்துவிட்டது. சுவிட்ச் பெட்டியும் பாதி மறைந்துவிட்டது.

"துணியை அங்க வைக்கச் சொல்லாதீங்க சார்" என்றாள் பெரியவள். "வேற எதையாவது வைங்க. பலகை வைங்க."

"உங்க ரெண்டு பேரையும் இங்க நான் பார்க்கக் கூடாது."

காவல்காரன் ஏணியோடு சேர்த்து அவர்களைப் பின்படிக்குத் தள்ளி, கதவை ஒருக்களித்து வைத்தான். கீழே போக வழி இல்லை. படி வளைவில் நின்றார்கள். இடுக்கு வழியாகக் கூடம் தெரிந்தது. நாலு பேர் வந்தார்கள். செருப்புக்கு மேல் பளபளவென்று உறை மாட்டியிருந்தார்கள். ஒரு அம்மாள் எதிர்ச்சுவரை விரலால் தடவிப் பார்த்து, விரலைப் பார்த்து, தலையை ஆட்டினாள். ஒருவர் அடுக்கிய மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று சின்னவள் காலர் தைப்பதைப் படம் எடுத்தார். படத்துக்காக அவளைச் சிரிக்கச் சொன்னார்கள். அவள் சிரித்தாள்.

பெரியவள் கதவைத் தள்ளப் போனாள். ரெண்டுகோட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை."

"அவளைப் பாரு" என்றார்.

சின்னவள் மிஷினிலிருந்து கண்ணை எடுத்துக் கதவு இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. தலையை மட்டும் மெல்ல, தெரிந்தும் தெரியாமல், வேண்டாம் என்று ஆட்டினாள். பெரியவளின் கை கதவில் வைத்தபடியே நின்றது. செருப்பு உறைகள் சரசரவென்று முன்படியில் இறங்கிப் போயின.

கீழ் மாடிகள் வேறு ஆளுக்குப் போயின. விடுதியும் போனது. மூட்டைகளைச் சாயங்காலமே எடுத்துவிடுவோம் என்று காவல்காரன் சொன்னான். எடுத்தார்களா என்று பெரியவள் தினமும் கேட்டாள். சின்னவள் முதலில் எடுப்பாங்க என்றாள். பிறகு, உனக்கு வேற பேச்சே இல்லையா என்றாள். மாமாவிடம் அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள். சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைப்பாள், வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அந்த வாரக் கடைசியில் சின்னவள் வேலை முடிந்து வரும்போது அவள் கையில் ஒரு துணிக்கட்டு இருந்தது. அதைத் தொட்டித் திண்டில் வைத்து, வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளைச் சட்டையின் முதுகுத் துண்டுகள். ஒன்றின் மேல் ஒன்றாக வெட்டினவை. ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில், குறுக்கே, பழுப்பாக ஒரு பட்டை.

"என்னடி இது?"

"சுவிட்சு பெட்டியை ஒட்டி இருந்த பண்டல். இன்னிக்குத்தான் எடுத்தாங்க. பெயிண்டுக் கறைங்கறாரு சூப்பர்வைசர். உங்க மாமன் சரியாக் காய விடாம அடிச்சிருக்கான், நீயே துவைச்சுக் கொண்டா, போகலைன்னா உன் கணக்குங்கறாரு."

வாசலில் உட்கார்ந்திருந்த ரெண்டுகோட்டு எழுந்து வந்தார். ஒரு துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இது பெயிண்டு இல்ல."

"எனக்குத் தெரியாதா மாமா, எது பெயிண்டு, எது கருகினதுன்னு?" என்றாள் சின்னவள். இத்தனை நாளைக்குப் பிறகு அவரிடம் பேசின முதல் வார்த்தை அதுதான். "தெரிஞ்சு என்ன பண்ண?"

அவள் துண்டைத் திரும்ப வாங்கி நனைத்து, சோப்புப் போட்டு, இரண்டு முட்டிக்கும் நடுவில் வைத்துக் கசக்கினாள். பட்டை இருந்த இடம் கையோடு வந்துவிட்டது. கிழியவில்லை, உதிர்ந்தது. பழுப்புத் தூளாக வாளியில் இறங்கியது. அடுத்ததை எடுத்து மெதுவாகத் தேய்த்தாள். அதுவும் உதிர்ந்தது.

பெரியவள் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "அந்த இடத்தை இப்ப சும்மா விட்டிருக்காங்களா?"

"சும்மா விடுவாங்களா? கறை தெரியுதே. வேற பண்டல் அடுக்கச் சொன்னாங்க. நான்தான் அடுக்கினேன்."

"வெள்ளையா?"

"இல்ல. கறுப்பு" என்றாள் சின்னவள். "கறுப்புத் துணின்னா கறை தெரியாதாம்."

மேலும் ஒரு துண்டை எடுத்தாள். நனைப்பதற்கு முன்னாலேயே அது நடுவில் இற்றுப்போய், வலது கையில் ஒரு பாதியும் இடது கையில் ஒரு பாதியுமாகத் தொங்கியது.